கிடாரைத் திறப்பதற்கு முன்: சேகரிப்பிலும் மாற்றியமைப்பிலும் புதிதாக இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கிடார் வாசிக்கக் கற்றுக்கொண்ட சிலருக்கு வாசிப்போடு ஆசை அடங்குவதில்லை. கருவியைத் திறந்து பார்க்க வேண்டும், தந்தியின் அதிர்வை மின் அலையாக்கும் பிக்கப்பை மாற்ற வேண்டும், பக்கத்தில் இன்னொரு கிடாரையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனம் ஓடத் தொடங்கும். என்னிடம் இப்போது மின்கிடாரில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் ஒன்று, டெலிகாஸ்டர் வகையில் ஒன்று, லெஸ் பால் வகையில் ஒன்று, மின்சாரம் வேண்டாத அக்கூஸ்டிக் ஒன்று என நான்கு கிடார்கள் இருக்கின்றன. இவற்றில் எதுவும் வாங்கிய நாளில் இருந்தபடி இல்லை. இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் கேட்பது எந்தப் பிக்கப் வாங்கலாம் என்பதைத்தான். எதை வாங்குவது என்பதைவிட எந்த வரிசையில் வேலை செய்வது என்பதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. முதலில் அளந்து எழுதிக்கொள்வது, அடுத்து இருக்கும் பாகங்களையே ஒழுங்குபடுத்துவது, அதற்குப் பிறகும் குறை தெரிந்தால் மட்டும் பாகங்களை மாற்றுவது, மரத்தைக் குடையும் வேலையை இயன்றவரை தவிர்ப்பது என்ற வரிசையில் போனால் பணமும் மிஞ்சும், கருவியும் மிஞ்சும்.

எந்தக் கிடாரில் தொடங்குவது

மாற்றிப் பழகுவதற்கு ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவிலான கிடாரே ஏற்றது. அதை வடிவமைத்த லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை நடத்தியவர். பழுதுபார்ப்பவரின் கண்ணோடு அவர் கருவியை அமைத்தார் என்பது 1950-இல் வந்த டெலிகாஸ்டரின் மூல வடிவத்திலும், 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் தெளிவாகத் தெரியும். கழுத்து உடலோடு திருகுகளால்தான் பிணைக்கப்பட்டிருக்கும். ஸ்ட்ராட்டின் மூன்று பிக்கப்புகள், வால்யூம், டோன், சுவிட்ச் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் தகட்டில் தொங்குவதால், தகட்டின் திருகுகளைக் கழற்றினால் மின்பகுதி முழுவதும் கைக்கு வந்துவிடும். 1952-இல் வந்த கிப்சன் லெஸ் பாலின் கழுத்தோ பசையால் ஒட்டப்பட்டது. அதன் மின்பகுதிக்கு உடலின் பின்பக்கக் குழி வழியாகத்தான் கை நுழைய வேண்டும்.

தொழிற்சாலை தந்ததை அப்படியே ஏற்காமல் தனக்கேற்ப மாற்றிக்கொள்வது இந்தக் கருவியோடு கூடவே வளர்ந்த வழக்கம். குயீன் இசைக்குழுவின் பிரையன் மே 1963-இல் தன் தந்தையோடு சேர்ந்து கட்டத் தொடங்கிய கிடாரின் கழுத்து, ஒரு பழைய கணப்படுப்பின் மேற்பலகை மரத்திலிருந்து செதுக்கப்பட்டது. ராக் கிடார் கலைஞர் எடி வான் ஹேலன் 1970-களின் நடுவில் ஸ்ட்ராட் வடிவ உடலில், இரட்டைச் சுருள் கொண்ட கிப்சனின் ஹம்பக்கர் பிக்கப்பைப் பொருத்தினார். பிறகு பல நிறுவனங்கள் அந்தச் சேர்க்கையையே விற்பனைக்குக் கொண்டுவந்தன.

பழகுவதற்கு விலை குறைந்த, இரண்டாம் கைக் கிடார் போதும். வாங்கும்போது தலைப்பகுதியிலிருந்து உடலை நோக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் விளிம்பைப் பாருங்கள். சீரான சிறு வளைவு இருந்தால் சரிசெய்துவிடலாம். முறுக்கிக்கொண்டிருந்தால் வாங்க வேண்டாம். கழுத்தின் உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்ற எஃகுத் தண்டின் திருகு இரு பக்கமும் திரும்புகிறதா என்று விற்பவர் முன்னிலையிலேயே சோதித்துவிடுவது நல்லது. லெஸ் பால் வகையானால், கழுத்தின் மேல்முனையில் தந்திகள் பள்ளங்களில் தங்கும் சிறு துண்டான நட்டுக்குச் சற்று மேலே தலைப்பகுதி பின்னோக்கிச் சாயும் இடத்தில் விரிசலோ, ஒட்டிய அடையாளமோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ட்ரஸ் ராடுக்காக அங்கே மரம் குடையப்பட்டிருப்பதால் அந்த வகையில் மிக எளிதாக முறியும் இடம் அதுதான்.

அரிய பழங்கருவி ஒன்று எப்படியோ உங்கள் கைக்கு வந்தால் அதில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னை வைக்காதீர்கள். அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் ஃபெண்டரை 1965 ஜனவரியில் வாங்கியது. அதற்கு முந்தைய ஃபெண்டர் கிடார்களில் தொழிற்சாலையில் வைத்த ஈயப் பற்று கலையாமல் இருப்பதற்கே தனி மதிப்பு உண்டு. ஒரு கருவியின் வயதை ஊகிக்க, வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பாட் என்ற மாறும் மின்தடையின் முதுகில் குத்தியிருக்கும் எண் உதவும். 1377633 என்று இருந்தால் 137 என்பது சிடிஎஸ் என்ற தயாரிப்பாளரையும், 76 ஆண்டையும், 33 அந்த ஆண்டின் வாரத்தையும் குறிக்கும். கிடார் அதற்கு முன் செய்யப்பட்டிருக்க வாய்ப்பில்லை, பாட் பின்னாளில் மாற்றப்பட்டிருந்தாலொழிய.

அளந்து எழுதுதல்

ஒவ்வொரு கிடாருக்கும் ஒரு நோட்டுப் புத்தகமும் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் ஒதுக்குங்கள். கழற்றுவதற்கு முன் கருவியை எல்லாப் பக்கமும் படம் எடுத்து, திறந்தபின் ஒவ்வொரு ஒயரும் எங்கிருந்து எங்கே போகிறது என்பது தெரியும்படி மறுபடியும் எடுக்க வேண்டும். தந்தியின் தடிமன், கழுத்தின் குறுக்கே பதிந்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளுக்கு மேல் தந்தியின் உயரம், பிக்கப்புகளின் மின்தடை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராட் வகை ஒற்றைச் சுருள் பிக்கப் பொதுவாக 6 கிலோ ஓம் சுற்றுவட்டாரத்திலும், பழைய பாணி ஹம்பக்கர் 7.5 முதல் 8.5 கிலோ ஓம் வரையிலும் காட்டும். மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே ஒயர் அறுந்திருக்கலாம். கழற்றிய பழைய பாகம் எதையும் தூக்கிப்போடாமல் பெட்டியில் வையுங்கள். மாற்றம் பிடிக்காமல் போகும்போதும், கிடாரை விற்கும்போதும் அந்தப் பெட்டி இல்லாமல் முடியாது.

கருவிகளாக மில்லிமீட்டரும் அதன் பாதியும் தெளிவாகக் காட்டும் எஃகு அளவுகோல், சிறு இடைவெளிகளை அளக்க மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ், ஆலன் கீ தொகுப்பு, தந்திகளைக் கழுத்தோடு அழுத்திப் பிடிக்கும் கேப்போ, மின்னணு ட்யூனர், மல்டிமீட்டர் ஆகியவை போதும். சென்னையில் இருப்பவர்களுக்குச் சால்டரிங் சாமான்கள், கெபாசிட்டர், ஒயர் எல்லாம் ரிச்சி தெருவிலேயே கிடைத்துவிடும்.

இருப்பதை ஒழுங்குபடுத்துதல்

புதிதாக வருபவர்கள் தாண்டிப் போய்விடுகிற கட்டம் இது. நான் அதிகம் வற்புறுத்துவதும் இதைத்தான். மட்டமான கிடார் என்று ஒதுக்கப்பட்ட பலவற்றில் குறை பாகங்களில் இருப்பதில்லை, ஒழுங்குபடுத்தாததில்தான் இருக்கிறது. ஒரு சரிசெய்தல் அடுத்ததைப் பாதிக்கும் என்பதால் கழுத்து, தந்தி உயரம், சுருதிச் சீர் (ஒவ்வொரு ஃபிரெட்டிலும் சுரம் சரியாக ஒலிப்பது), பிக்கப் உயரம் என்ற வரிசையை மாற்றக் கூடாது. வேலையைத் தொடங்குமுன் நீங்கள் எப்போதும் வாசிக்கும் தடிமனில் புதிய தந்திகளைப் போட்டு, எப்போதும் வாசிக்கும் சுருதியில் கூட்டிவிடுங்கள்.

கழுத்து முழுக்க நேராக இருக்கக் கூடாது. அதிரும் தந்திக்கு இடம் விட்டு மிகச் சிறிதளவு குழிந்திருக்க வேண்டும். முதல் ஃபிரெட்டில் கேப்போவை மாட்டி, தடித்த ஆறாவது தந்தியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டால் தந்தியே ஒரு நேர்கோடாகிவிடும். இப்போது எட்டாவது ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் இடையே ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பாருங்கள். ஃபிரெட்டுகள் பதிந்த விரல்பலகையின் குறுக்கு வளைவு ஆரம் 9.5 முதல் 12 அங்குலம் வரையுள்ள கிடார்களுக்கு 0.25 மி.மீ. இடைவெளியை ஃபெண்டர் பரிந்துரைக்கிறது, 7.25 அங்குல ஆரமுள்ள பழைய பாணிக் கழுத்துக்கு அது 0.3 மி.மீ. ஆகும். இடைவெளி அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடின் திருகை, அதன் முனையை நேரே பார்த்தபடி, வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். குறைவாக இருந்தால் இடஞ்சுழியாக. ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். ஒவ்வொரு தடவையும் சுருதியை மீண்டும் கூட்டி, அளந்து, பிறகே அடுத்ததைத் திருப்ப வேண்டும். மரம் புதிய நிலைக்கு வரச் சில மணி நேரம் எடுத்துக்கொள்வதும் உண்டு என்பதால் மறுநாள் ஒருமுறை அளந்து உறுதிசெய்துகொள்ளுங்கள். திருகு இறுகி நின்றால் பலத்தைக் காட்ட வேண்டாம். தண்டு அறுந்தால் செலவு கிடாரின் விலையையே தாண்டிவிடும்.

அடுத்தது தந்தி உயரம். ஸ்ட்ராட் வகையில் பதினேழாவது ஃபிரெட்டின் மேல் 1.6 மி.மீ. நல்ல தொடக்கம். உடலில் தந்திகள் முடியும் பிரிட்ஜில், தந்தியைத் தாங்கும் சேடிலின் சிறு திருகுகளை இறக்கி ஏற்றி இந்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, எல்லாத் தந்திகளையும் எல்லா ஃபிரெட்டிலும் வாசித்துப் பாருங்கள். இரைச்சல் கேட்கும் தந்தியை மட்டும் சற்று உயர்த்தினால் போதும். அழுத்தமாக மீட்டுபவர்களுக்கு இந்த உயரம் போதாது. அது கையின் பழக்கத்தைப் பொறுத்தது.

பிறகு சுருதிச் சீர். வீணையில் மெட்டுகள் மெழுகில் பதிந்திருப்பதால் மேளம் கட்டுபவர் மெட்டையே நகர்த்திச் சுரத்தைச் சேர்க்கிறார். கிடாரில் ஃபிரெட்டுகள் மரத்தில் அடித்து இறக்கப்பட்டவை. எனவே தந்தியின் நீளத்தைத்தான் மாற்ற முடியும், அதற்கான இடம் சேடில். பன்னிரண்டாவது ஃபிரெட்டின் மேல் தந்தியை விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டி வரும் இணைஒலியையும், அதே ஃபிரெட்டில் அழுத்தி வரும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைக் கழுத்திலிருந்து பின்னுக்குத் தள்ள வேண்டும்; இறங்கியிருந்தால் முன்னுக்கு. பழைய தந்தியில் இந்த வேலை சரிப்படாது. டெலிகாஸ்டரின் பழைய பாணி பிரிட்ஜில் ஆறு தந்திகளுக்கு மூன்றே சேடில்கள் என்பதால் இரண்டிரண்டு தந்திகளுக்கிடையே ஒரு சமரசம்தான் கிடைக்கும். என் டெலிகாஸ்டரில் சரிவாகச் செதுக்கிய பித்தளைச் சேடில்களைப் போட்டதும் அந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. துளை போடவோ ஈயம் வைக்கவோ தேவையில்லாத அந்த மாற்றத்தை டெலிகாஸ்டர் வைத்திருக்கும் எவருக்கும் தயங்காமல் சொல்வேன்.

பிக்கப்பின் உயரத்தை அளக்கும்போது தந்தியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்குத் தடித்த தந்திப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய தந்திப் பக்கம் 2 மி.மீ. என்று வைத்துக் காதால் திருத்துங்கள். அதற்கு மேல் நெருங்கினால் ஒலி கூடுமே தவிர, காந்தம் தந்தியை இழுத்து ஒரே சுரத்தில் இரண்டு சுருதி கேட்பதுபோல் அலையத் தொடங்கும்.

சுருதி நிற்காத கிடாருக்குப் பலர் உடனே புதிய ட்யூனிங் கீ வாங்குகிறார்கள். அதற்கு முன் நட்டைக் கவனியுங்கள். கூட்டும்போது ‘டிங்’ என்ற ஒலியோடு சுருதி திடீரென்று தாவினால், தந்தி நட்டின் பள்ளத்தில் சிக்கி விடுபடுகிறது என்று பொருள். லெஸ் பால் வகையில் நடுத் தந்திகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் விலகிப் போவதால் இது அடிக்கடி நேரும். மென்மையான பென்சிலின் கரித்தூளைப் பள்ளத்தில் தேய்த்தாலே பெரும்பாலும் நின்றுவிடும். ஸ்ட்ராட்டின் அசையும் பிரிட்ஜையும் இப்போதே சரிபார்க்கலாம். பின் விளிம்பு உடலிலிருந்து ஏறத்தாழ 3.2 மி.மீ. உயர்ந்து மிதக்க வேண்டும்; அதற்கேற்பப் பின்பக்கக் குழியில் சுருள்வில்கள் மாட்டிய உலோகத் தகட்டின் இரண்டு திருகுகளை இறுக்கவோ தளர்த்தவோ வேண்டும்.

மின்பகுதியில் மாற்றங்கள்

இவ்வளவும் முடித்துச் சில வாரங்கள் வாசித்த பிறகும் ஒலியில் குறை தெரிந்தால் சால்டரிங் அயர்னை எடுக்கலாம். பாட்டின் முதுகு உலோகம் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் 25 வாட் அயர்ன் திணறும். 40 முதல் 60 வாட் வரை, முனை 350 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் நல்லது. ரோசின் உள்ளீடுள்ள 60/40 ஈயக் கம்பியைப் பயன்படுத்துங்கள். குழாய் ஒட்டும் அமிலப் பசை ஒயர்களை அரித்துவிடும். பாட்டின் முதுகை உப்புத்தாளால் சற்றுத் தேய்த்து, முதலில் ஈயத்தை மட்டும் படரவிட்டு, பிறகு ஒயரை வைத்தால் மூன்று நான்கு நொடிகளில் பிடித்துக்கொள்ளும். சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்து, முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

முதல் மாற்றமாக நான் எல்லோருக்கும் சொல்வது காசே ஆகாத ஒன்று. ஸ்ட்ராட்டின் மரபான இணைப்பில் பிரிட்ஜ் பக்கப் பிக்கப்புக்கு டோன் கட்டுப்பாடு கிடையாது. அதனால்தான் அது காதைக் குத்துகிறது. சுவிட்சில் நடுப் பிக்கப்பின் டோனுக்குப் போகும் முனையிலிருந்து பக்கத்தில் சும்மா இருக்கும் பிரிட்ஜ் முனைக்கு ஒரு சிறு ஒயர்த் துண்டைப் பற்றவைத்தால், இரண்டாவது டோன் திருகு இரண்டு பிக்கப்புகளுக்கும் வேலை செய்யும். பிடிக்கவில்லையென்றால் அரை நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

வால்யூமைக் குறைத்ததும் ஒலி மங்குவது பலருக்கும் உள்ள குறை. கேபிளின் கெபாசிட்டன்சும் பாட்டின் மின்தடையும் சேர்ந்து உயர் அதிர்வெண்களை விழுங்குவதே இதற்குக் காரணம். வால்யூம் பாட்டின் உள்வரும் முனைக்கும் வெளிச்செல்லும் முனைக்கும் இடையே 0.001 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரையும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் இணையாக வைத்தால், உயர் ஒலிகளுக்கு ஒரு தனி வழி கிடைத்துவிடுகிறது. பாட்டின் மதிப்பையும் கவனிக்க வேண்டும். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கம். மதிப்பு குறையக் குறைய ஒலியின் கூர்மை மழுங்கும். வெளிநாட்டுப் பாட் வாங்குமுன் தகட்டின் துளையை அளந்துகொள்ளுங்கள். சிடிஎஸ் பாட்டின் கழுத்து 9.5 மி.மீ.; விலை குறைந்த கிடார்களில் துளை அதைவிடச் சிறியது, பழைய குமிழும் புதிய தண்டில் பொருந்தாது.

ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். எதிர்த் துருவமும் எதிர்ச் சுற்றும் கொண்ட இரண்டு சுருள்களைச் சேர்த்து அந்த இரைச்சலை ஒழிக்கும் ஹம்பக்கருக்கு, கிப்சனில் பணியாற்றிய சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பிக்கப்பை மாற்றாமலே இரைச்சலைக் குறைக்க, குழியின் உட்புறம் முழுவதும் செப்பு நாடாவை ஒட்டி, அதைப் பாட்டின் முதுகோடு இணைக்கலாம். உயிர்ப் பாதுகாப்புக்கான ஒரு சோதனையையும் இங்கே சொல்ல வேண்டும். தந்திகள் ஒரு ஒயர் வழியாகக் கிடாரின் எர்த்தோடும், கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடும் இணைந்திருக்கின்றன. ஆம்ப்ளிஃபயரில் பழுது ஏற்பட்டு, வீட்டு பிளக் பாயின்டில் எர்த்தும் இல்லாவிட்டால் மின்சாரம் தந்திக்கே வந்துவிடும். எனவே மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை ஒருபோதும் நீக்காதீர்கள். வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் சோதித்துக்கொள்ளுங்கள்.

பிக்கப்பையே மாற்றும்போது, இரண்டு பிக்கப்புகளைச் சேர்த்து ஒலிக்கவிட்டுப் பாருங்கள். ஒலி வற்றி, மூக்கால் பேசுவதுபோல் கேட்டால் அவை எதிர்க்கட்டத்தில் இருக்கின்றன, அதாவது ஒன்றின் அலை மற்றதன் அலையைக் குறைக்கிறது. ஒன்றின் இரு ஒயர்களையும் இடம் மாற்றினால் சரியாகும். டெலிகாஸ்டரின் கழுத்துப் பிக்கப்பில் மட்டும் அவசரப்படக் கூடாது, அதன் உலோக மூடி எர்த் ஒயரோடு சேர்ந்தே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த மாற்றமான நான்கு நிலைச் சுவிட்சுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அதன் நான்காவது நிலை இரண்டு பிக்கப்புகளையும் தொடராக இணைத்து, ஹம்பக்கருக்கு நெருங்கிய தடித்த ஒலியைத் தரும். அதற்கு முதலில் மூடிக்கும் எர்த் ஒயருக்கும் இடையிலுள்ள மெல்லிய இணைப்பை வெட்டி, மூடிக்கெனத் தனி எர்த் ஒயர் கொடுக்க வேண்டும். தலைமயிர் அளவே தடிமனுள்ள சுருள் ஒயர்கள் அந்த இடத்துக்கு மிக அருகில் ஓடுகின்றன. நல்ல வெளிச்சமும் அவசரமில்லாத ஒரு பகலும் வேண்டும்.

அக்கூஸ்டிக்கும் மழைக்காலமும்

அக்கூஸ்டிக் கிடாரில் மாற்றுவதற்கு அதிகம் இல்லை. பிளாஸ்டிக் சேடிலை எடுத்துவிட்டு எலும்புச் சேடில் போடுவது பயனுள்ள மாற்றம். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தந்தி அரை மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் சேடிலின் அடிப்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும் என்ற கணக்கை மட்டும் மனத்தில் வையுங்கள். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

கிடார்களுக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் நல்லது என்பார்கள். நம் கடலோர ஊர்களில் காற்று பெரும்பாலும் அதைத் தாண்டியே இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அக்கூஸ்டிக்கின் மேற்பலகை உப்பித் தந்தி உயர்ந்துவிடும். அப்போது சேடிலைத் தேய்த்துவிட்டால் கோடையில் தந்தி ஃபிரெட்டில் மோதும். உறைப்பெட்டிக்குள் சிலிகா ஜெல்லும் சிறிய ஈரப்பத மானியும் வைத்து, பருவம் மாறிய பிறகு அளந்து முடிவெடுங்கள். விரல்பலகை ரோஸ்வுட்டாக இருந்தால், அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரமாகவோ அதன் இனமாகவோ இருந்தால், தந்தி மாற்றும்போது எப்போதாவது ஒரு துளி எண்ணெய் தடவித் துடைத்துவிடலாம். மெருகு பூசிய மேப்பிள் பலகைக்கு எண்ணெய் தேவையில்லை. லெஸ் பால் வகையைச் சுவரில் சாய்த்து வைக்காமல் உறைப்பெட்டியிலோ சுவர்க் கொக்கியிலோ வையுங்கள். கொக்கியின் ரப்பர் நைட்ரோசெல்லுலோஸ் மெருகைக் கரைத்துவிடக்கூடும், அதன்மேல் பருத்தித் துணியைச் சுற்றிவிட வேண்டும்.

அடுத்த கிடாரை எப்போது வாங்குவது என்று கேட்டால், இருப்பவற்றால் முடியாத ஒன்று தேவைப்படும்போது என்பேன். ஃபெண்டரின் தந்தி நீளம் 648 மி.மீ., கிப்சனின் நீளம் 628 மி.மீ. அளவில் இருக்கும், ஒரே தந்தி, ஒரே சுருதியானாலும் இரண்டாவதில் இழுவிசை குறைந்து கைக்கு மென்மையாக இருக்கும் என்பதால், இந்த இரண்டு நீளத்திலும் ஒவ்வொன்று இருப்பது பொருளுள்ள சேகரிப்பு. ஏற்கெனவே உள்ள வகையிலேயே இன்னொன்று வாங்கினால் அதைத் தாழ்ந்த சுருதிக்கென ஒதுக்கி, தடித்த தந்திகளைப் போட்டு, நட்டின் பள்ளங்களை அதற்கேற்ப அகலப்படுத்தி, கழுத்திலிருந்து பிக்கப் உயரம் வரை எல்லா அளவுகளையும் அந்தச் சுருதியிலேயே புதிதாக எடுங்கள்.